வாசகர் கேள்விகள்: சௌசெஸ்கு ஆட்சியில் ஒரு வீடு எப்படி நடந்தது?

கம்யூனிஸ்ட் தலைவர் நிக்கோலாய் சௌசெஸ்கு ஆண்ட 1980-களின் ருமேனியா பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரைக்கு எழுதிய வாசகர்களில் பெரும்பாலோர் அரசியலைக் கேட்கவில்லை. அடுப்பு எப்படி எரிந்தது, குளிருக்கு என்ன செய்தார்கள் என்றுதான் கேட்டிருக்கிறார்கள். கேட்க வேண்டியதும் அதைத்தான்.

ரொட்டிக்கு வரிசை என்கிறீர்கள். கோதுமையும் மக்காச்சோளமும் நன்றாக விளையும் நாட்டில், போரும் வறட்சியும் இல்லாதபோது, தட்டுப்பாடு எப்படி வந்தது?
இரா.செ., விருதுநகர்

விளைந்ததை வெளியே அனுப்பியதால் வந்தது. எண்ணெய் சுத்திகரிப்பு, பெட்ரோ கெமிக்கல், எஃகு ஆலைகளுக்காக 1970-களில் மேற்கத்திய வங்கிகளிடம் வாங்கிய கடன், 1980-களின் தொடக்கத்தில் 1,000 கோடி டாலரைத் தாண்டியிருந்தது. ஈரான் புரட்சிக்குப் பிறகு கச்சா எண்ணெய் விலையும் ஏறியது, வட்டியும் ஏறியது. இந்த நிலையில் தவணையை நீட்டித்துக் கேட்டு மூச்சு விடுவதுதான் எந்த நாடும் செய்வது. சௌசெஸ்குவோ மொத்தக் கடனையும் அடைத்தே தீருவது என்று முடிவெடுத்தார். இறைச்சி, முட்டை, தானியம், பெட்ரோல், சிமென்ட் என டாலர் தரக்கூடியதெல்லாம் கப்பலேறியது. கால்நடைத் தீவனம், மருந்து, இயந்திர உதிரிப் பாகங்கள் ஆகியவற்றின் இறக்குமதி வெட்டப்பட்டது. கடன் தீர்ந்துவிட்டதாக 1989 ஏப்ரலில் அறிவித்தார். அதற்குப் பிறகும் ஏற்றுமதி நிற்கவில்லை, கடை அலமாரியும் நிறையவில்லை.

ரேஷன் என்பது பல நாடுகளில் இருந்ததுதானே? இதில் என்ன தனிக் கொடுமை?
வ.ம., கோவில்பட்டி

குறைந்த விலையில் இவ்வளவு உறுதியாகக் கிடைக்கும், மேலும் வேண்டுமானால் வெளியே வாங்கிக்கொள் என்பதுதான் பொதுவாக ரேஷன். ருமேனியாவில் அட்டையில் எழுதிய அளவு உச்சவரம்பு. அதற்கு மேல் வாங்கினால் குற்றம். 1981 அக்டோபரில் வந்த ஆணைப்படி எண்ணெய், சர்க்கரை, மாவு, அரிசி, காப்பி போன்றவற்றை ஒரு குடும்பத்தின் ஒரு மாதத் தேவைக்கு மேல் வாங்கி வைத்தால் 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறை. அவரவர் குடியிருக்கும் ஊரில்தான் வாங்க வேண்டும் என்ற கட்டுப்பாடும் சேர்ந்துகொண்டது. பக்கத்து ஊரில் சர்க்கரை வந்திருக்கிறது என்று பஸ் ஏறிப் போனாலும் கடைக்காரர் அடையாள அட்டையைப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பலாம்.

அளவு ஊருக்கு ஊர், ஆண்டுக்கு ஆண்டு மாறியது. நாளொன்றுக்குத் தலைக்கு 300 கிராம் ரொட்டி, மாதத்துக்கு 1 கிலோ சர்க்கரை, 1 லிட்டர் எண்ணெய், சுமார் 10 முட்டை என்பது பல ஊர்களில் இருந்த அளவு. அட்டையில் எழுதியிருப்பது வாங்கும் உரிமை மட்டும்தான். சரக்கு வருமா என்பது வேறு கதை.

'அறிவியல்பூர்வ உணவுத் திட்டம்' என்று இதற்கு ஒரு மருத்துவப் பூச்சும் பூசினார்கள். மக்கள் அளவுக்கு மீறித் தின்கிறார்கள், அதனால்தான் நோய் வருகிறது என்பது அதன் வாதம். டாக்டர் யூலியன் மிங்கு இதன் முகமாக இருந்தார். இல்லாமையை அறிவுரையாக மாற்றிச் சொன்ன இந்தத் திட்டம், தட்டுப்பாட்டைவிட அருவருப்பானது என்பதே நம் கருத்து.

வரிசையில் நிற்பது ஒரு கலையாகவே இருந்தது என்று எழுதியிருந்தீர்கள். கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்களேன்.
ப.தெ., மயிலாடுதுறை

வெளியே கிளம்பும்போது மடித்த வலைப்பை ஒன்று கோட்டுப் பையில் கட்டாயம் இருக்கும். எந்தத் தெருவில் எப்போது லாரி நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. வரிசையைப் பார்த்தால் முதலில் போய் நிற்பது, பிறகுதான் முன்னால் இருப்பவரிடம் "என்ன தருகிறார்கள்?" என்று கேட்பது. யாரும் 'விற்கிறார்கள்' என்று சொல்ல மாட்டார்கள்.

பாலுக்கு விடியற்காலை 4, 5 மணிக்கே ஆள் சேரும். காலிக் கண்ணாடிப் பாட்டிலைக் கொடுத்தால்தான் நிரப்பிய பாட்டில் கிடைக்கும் என்பதால், பாட்டிலையோ பையையோ ஒரு கல்லையோ தரையில் வைத்து இடம் பிடித்துவிட்டுப் போவார்கள். நீண்ட வரிசையில் நோட்டுப் புத்தகத்தில் பெயர் எழுதி எண் கொடுப்பார்கள். நடுவில் பெயர் கூப்பிடும்போது இல்லையென்றால் எண் போய்விடும். தலைக்கு ஒரு பொட்டலம் என்றால் பிள்ளைகளையும் கூட்டி வந்து நிறுத்த வேண்டும். வேலைக்குப் போகிறவர்களுக்கு இதெல்லாம் முடியாது. ஆகவே வீட்டில் ஓய்வுபெற்ற பாட்டியோ தாத்தாவோ இருந்தால்தான் குடும்பம் சாப்பிடும். தனியாக வாழ்ந்தவர்களும், கைக்குழந்தையோடு வேலைக்குப் போன தாய்மார்களும்தான் அதிகம் அடிபட்டார்கள்.

கடை அலமாரி காலியாகவும் இருக்காது. கடுகுச் சாந்து, டின் மீன், பழப்பாகு ஜாடிகள், வியட்நாமிலிருந்து வந்த இறால் அப்பளம் எல்லாம் வரிசையாக அடுக்கியிருக்கும். இறைச்சிக் கடையில் கோழியின் தலை, கழுத்து, கால், சிறகு நுனி, அதோடு பன்றிக் கால்குளம்பு. அந்தக் குளம்புக்கு மக்கள் வைத்த பெயர் 'தேசபக்தர்கள்'. பன்றியின் மற்ற பாகங்களெல்லாம் வெளிநாடு போய்விட, நாட்டிலேயே தங்கியவை அவை மட்டும்தானாம்.

குளிர்காலம் 4, 5 மாதம் நீளும் நாட்டில் காய்கறிக்கு என்ன செய்தார்கள்?
சு.ல., கும்பகோணம்

இலையுதிர் காலத்திலேயே அடுக்குமாடி வீட்டுப் பால்கனி கிடங்காகிவிடும். அங்கே முக்கியமானது முட்டைக்கோஸ் பீப்பாய். 50 கிலோ கொள்ளும் பீப்பாயை வாங்கி வைக்காத வீடு குறைவு.

கெட்டியான, நடுத்தர அளவு கோஸ்களாகப் பொறுக்கி, வாடிய மேல் இலையை எடுத்துவிட்டு, தண்டுப் பகுதியைக் கத்தியால் குடைந்து அந்தக் குழியில் கல்லுப்பை அடைப்பார்கள். நெருக்கமாக அடுக்கி, இடையில் முற்றிய சதகுப்பைத் தண்டு, குதிரைமுள்ளங்கி வேர், ஒரு பிடி மக்காச்சோள மணி போடுவார்கள். லிட்டருக்கு 40 முதல் 50 கிராம் உப்பு கரைத்த தண்ணீரை கோஸ் முழுதாக மூழ்கும்வரை ஊற்றி, மேலே பலகையும் கழுவிய கல்லும் வைக்க வேண்டும். உப்பு கூடுதலாகத் தெரியலாம். ஆனால் கோஸில் பெரும்பகுதி தண்ணீர் என்பதால் சில நாளில் உப்பு நீர்த்துப் போகும். அயோடின் உப்பு போட்டால் கோஸ் குழைந்துவிடும் என்று தவிர்த்தார்கள்.

பலரும் கோட்டை விடும் இடம் அடுத்தது. உப்பு அடியில் தங்கும், மேல் தண்ணீர் சப்பென்று ஆகும், அங்கே ஆடை படிந்து வழுவழுப்பு வரும். அதனால் முதல் 2 வாரம், 2 அல்லது 3 நாளுக்கு ஒருமுறை அடிக்குழாயில் தண்ணீரை இறக்கி மேலே ஊற்ற வேண்டும். குழாய் இல்லாத பீப்பாயில் ரப்பர் டியூபை அடிவரை விட்டு வாயால் ஊதிக் கலக்குவார்கள். 4 முதல் 6 வாரத்தில் புளித்துப் பதமாகும். கடுங்குளிரில் பீப்பாய் உறைந்தால் இலை நார் நாராகிவிடும் என்பதால் பழைய கம்பளி சுற்றுவது வழக்கம். கோஸில் இருந்த வைட்டமின் சி, புளித்த பிறகும் ஓரளவு தங்கும். பழமே கண்ணில் படாத மாதங்களில் அது சிறு விஷயம் இல்லை. அந்தத் தண்ணீரைக்கூடக் கொட்ட மாட்டார்கள், சூப்பில் புளிப்புக்குச் சேரும்.

கிராமத்தில் உறவினர் இருந்தால் டிசம்பர் 20-ஐ ஒட்டிப் பன்றி அறுப்பார்கள். இறைச்சித் துண்டுகளை அதன் கொழுப்பிலேயே ஈரம் போக வறுத்து, எனாமல் பாத்திரத்தில் இடைவெளி இல்லாமல் அடுக்கி, சூடான கொழுப்பை இறைச்சிக்கு மேல் இரண்டு விரல் உயரத்துக்கு ஊற்றி மூடுவார்கள். உள்ளே காற்றுக் குமிழி தங்கினால் அந்த இடம் காறிவிடும். எலும்பை ஒட்டிய துண்டுதான் முதலில் கெடும், ஆகவே அதை முதலில் தின்று தீர்ப்பார்கள். நகரத்துக்கு ரயிலில் எடுத்து வரும்போது மிலிஷியா (அந்நாட்டுப் போலீஸ்) பையைச் சோதிக்கலாம் என்ற பயம் வேறு. கன்றுக்குட்டி விஷயத்தில் இன்னும் கடுமை: தன் தொழுவத்தில் பிறந்த கன்றைக்கூட அரசு அனுமதி இல்லாமல் அறுத்தால் வழக்கு.

அடுக்குமாடிகளில் சூடேற்றும் வசதி உண்டு என்கிறார்கள். பிறகு ஏன் குளிரில் வாடினார்கள்? எரிவாயுவால் பலர் இறந்தது எப்படி?
ந.கு., நெய்வேலி

வசதி உண்டு, ஆனால் குழாய்த் திருகு குடியிருப்பவர் கையில் இல்லை. நகரின் அனல் நிலையத்திலிருந்து வெந்நீர் வந்து ஒவ்வொரு அறை ரேடியேட்டரையும் சூடாக்கும் ஏற்பாடு அது. எரிபொருளைச் சேமிக்க அந்த வெந்நீரைக் குறைத்தார்கள், அழுத்தத்தையும் குறைத்தார்கள். வெளியே பூஜ்யத்துக்குக் கீழே 10 டிகிரி இருக்கும்போது பல வீடுகளில் உள்ளே 10, 12 டிகிரிதான். பிள்ளைகள் பள்ளியில் கோட்டும் கையுறையும் போட்டபடி எழுதினார்கள். குளிக்கும் வெந்நீர் வாரத்தில் சில மணி நேரம் மட்டுமே என்ற கதி பல கட்டடங்களில் இருந்தது.

அப்போது மிச்சமிருந்த ஒரே சூடு சமையலடுப்பு. ஓவன் கதவைத் திறந்து வைத்து, குடும்பமே சமையலறையில் படுக்கும். பர்னர் மேல் செங்கல் வைத்துச் சூடாக்கி, துணியில் சுற்றிப் படுக்கையில் கால்மாட்டில் வைப்பார்கள்.

ஆபத்து இங்கேதான். குளிர் ஏற ஏற எல்லோரும் எரிவாயுவை இழுப்பார்கள், தொழிற்சாலைக்கு முன்னுரிமை என்பதால் வீட்டுக் குழாயில் அழுத்தம் விழும். சுடர் சுருங்கிச் சுருங்கி அணைந்துவிடும். திருகு திறந்தே இருக்கும், தூங்குகிறவர்களுக்குத் தெரியாது. சுடர் அணைந்தால் தானாக அடைத்துக்கொள்ளும் வால்வு அந்த அடுப்புகளில் கிடையாது. நடுநிசியில் அழுத்தம் திரும்பும்போது, குளிருக்காக ஜன்னல் இடுக்கெல்லாம் துணி அடைத்த அறையில் எரிவாயு நிரம்பும். மீத்தேன் தானே விஷம் இல்லை, ஆனால் ஆக்சிஜனைத் தள்ளிவிடும். மூச்சுத் திணறிச் சாவார்கள், அல்லது விடிந்து விளக்கைப் போடும்போது வெடிக்கும். சுடர் அணையாவிட்டாலும் ஆபத்துதான்: காற்றோட்டம் இல்லாத அறையில் நீல நிறம் மாறி மஞ்சளாக எரியும் சுடர் கார்பன் மோனாக்சைடைக் கக்கும், அதற்கு வாசனையே இல்லை. விவரம் தெரிந்த வீடுகளில் முறை போட்டு ஒருவர் விழித்திருப்பார்கள், தூங்குமுன் திருகை அடைத்தே தீருவார்கள், ஜன்னலில் ஒரு விரல் இடைவெளி விடுவார்கள். விட்ட இடைவெளி வழியாக இருந்த சூடும் போகும். இந்தச் சாவுகள் பத்திரிகையில் வரவில்லை. வந்திருந்தால் அடுத்த வீட்டுக்காரராவது பிழைத்திருப்பார்.

தொலைக்காட்சி இருந்ததா?
அ.பா., திண்டுக்கல்

1985 முதல் இரண்டாவது அலைவரிசை மூடப்பட்டது. முதல் அலைவரிசை வார நாட்களில் இரவு 8 முதல் 10 வரை, இரண்டே மணி நேரம். அதிலும் பெரும்பகுதி தலைவரும் அவர் மனைவியும்தான்.

எனவே தெற்கே இருந்தவர்கள் பல்கேரியாவையும், மேற்கே இருந்தவர்கள் யூகோஸ்லாவியா, ஹங்கேரியையும், கிழக்கே இருந்தவர்கள் சோவியத் மால்டோவாவையும் பிடித்தார்கள். கூரை முழுக்க அலுமினியக் குழாய் ஆன்டெனாக்கள் எல்லையைப் பார்த்து நின்றன. கணக்கு எளிது. 200 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை என்றால் அலைநீளம் 1.5 மீட்டர், அதில் பாதி 75 செ.மீ., குழாயின் தடிமனுக்காகச் சற்றே குறைத்து 71 செ.மீ. அளவில் முதன்மைக் குழாய். பின்னால் சற்று நீளமான குழாய், முன்னால் படிப்படியாகக் குட்டையான குழாய்கள். முதன்மைக் குழாயை மடித்துச் செய்தால் அதன் மின்மறுப்பு 300 ஓம், கேபிளுடையது 75 ஓம். நடுவில் அரை அலைநீள கேபிள் வளையம் ஒன்றைப் பொருத்தாமல் நேரே இணைத்தால் படம் மங்கும், நிழல் விழும். கேபிளுக்குள் அலை மெதுவாக ஓடுவதால் அந்த வளையம் 75 அல்ல, சுமார் 50 செ.மீ.தான் இருக்க வேண்டும். இதில் ஏமாந்தவர்கள் உண்டு.

பல்கேரியப் படத்தில் ஒலி வரும், வண்ணம் வராது. வண்ணத்துக்கு அவர்கள் செகாம் (SECAM) முறை, ருமேனியப் பெட்டி பால் (PAL) முறை. யூகோஸ்லாவியாவில் நேர்மாறு: வண்ணம் பொருந்தும், ஆனால் ஒலி 5.5 மெகாஹெர்ட்ஸில் வரும். ருமேனியப் பெட்டி 6.5-ல் தேடும். அதற்குச் சிறு மாற்றுப் பலகை ஒன்றைப் பெட்டிக்குள் வைக்கும் மெக்கானிக்குகளுக்கு நல்ல கிராக்கி.

தட்டச்சு இயந்திரத்துக்கு லைசென்ஸ் என்பது உண்மையா?
ஜெ.வி., தூத்துக்குடி

உண்மை. 1983 மார்ச்சில் வந்த 98-ஆம் எண் ஆணை. சொந்த வீட்டில் தட்டச்சு இயந்திரம் வைத்திருக்க மிலிஷியாவின் அனுமதி வேண்டும். அனுமதி கிடைத்ததும் எல்லா எழுத்துகளையும் எண்களையும் அடித்த மாதிரித் தாளைக் கொடுக்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை மீண்டும், பழுதுபார்த்தால் அப்போதும் ஒன்று. இரவல், வாடகை கூடாது. தண்டனை பெற்றவர்களுக்கும் 'பொது ஒழுங்குக்கு ஆபத்தானவர்' என்று கருதப்பட்டவர்களுக்கும் அனுமதியே இல்லை.

ஆண்டுதோறும் ஏன் என்றால், எழுத்துக் கம்பிகள் தேய்ந்துகொண்டே போகும். ஒரு இயந்திரத்தில் 'e' அரை மயிரிழை மேலே ஏறி நிற்கும், இன்னொன்றில் 'r' காலில் சிறு உடைப்பு இருக்கும், வேறொன்றில் 'o' மை அடைத்துக் கறுப்பாக விழும். இப்படி நாலைந்து குறைகள் சேர்ந்தால் அந்தச் சேர்க்கை வேறெந்த இயந்திரத்துக்கும் பொருந்தாது. பழைய மாதிரியோடு புதிய துண்டறிக்கையை ஒப்பிட்டால் இடையில் தேய்ந்தது குழப்பும், ஆகவே புதிய மாதிரி. கையால் எழுதினால் தப்பலாமா என்றால் அதற்கும் வழி அடைத்திருந்தார்கள். பள்ளி, ஆலைகளிலிருந்து கையெழுத்து மாதிரிகளை ரகசியப் போலீசான செக்யூரிட்டாட்டே திரட்டி வைத்திருந்தது.

பெண்களின் நிலை பற்றிக் கட்டுரையில் இரண்டே வரிதான் இருந்தது. ஏன்?
க.ஆ., சேலம்

கேட்டது நியாயம். 1966 அக்டோபரில் வந்த 770-ஆம் எண் ஆணை கருக்கலைப்பைத் தடை செய்தது. 45 வயது தாண்டியவர்கள், 4 பிள்ளை பெற்று வளர்ப்பவர்கள், உயிராபத்து போன்ற சில விலக்குகள் மட்டும். 1985-ல் பிள்ளைக் கணக்கை 5 ஆக்கினார்கள். கருத்தடைச் சாதனம் கடையில் கிடைக்காது. 25 வயதுக்கு மேல் பிள்ளை இல்லாதவர்களுக்குச் சம்பளத்தில் தனி வரி, ஆண்களுக்கும் சேர்த்து. 1980-களில் ஆலைகளில் பெண் தொழிலாளர்களைக் கூட்டி வைத்து மகப்பேறு பரிசோதனை நடத்தினார்கள்.

1966-ல் சுமார் 2,74,000 ஆக இருந்த பிறப்பு அடுத்த ஆண்டே 5,28,000 ஆனது. பிறகு பெண்கள் ரகசிய வழிகளைத் தேடினார்கள், பிறப்பு மீண்டும் இறங்கியது, சாவு ஏறியது. இரத்தப்போக்கோ சீழ்க்காய்ச்சலோ வந்து ஆஸ்பத்திரிக்கு வந்தவளிடம், கலைத்தது யார் என்று சொன்னால்தான் சிகிச்சை என்று விசாரணை அதிகாரி கட்டிலருகே நின்ற சம்பவங்கள் பல. சீழ் இரத்தத்தில் கலந்துவிட்டால் மணிக்கணக்கில் தாமதித்தாலே உயிர் போகும். ஆட்சி முடிவதற்குள் இப்படி இறந்த பெண்கள் ஏறத்தாழ 10,000. 1989-ல் லட்சம் பிரசவத்துக்கு 170 தாய்மார் இறந்தார்கள். தடை நீங்கிய அடுத்த ஆண்டு அது 83 ஆனது. மருத்துவமனையும் டாக்டரும் மருந்தும் அதேதான். மாறியது சட்டம் ஒன்றுதான்.

கென்ட் சிகரெட் பணம்போல ஓடியதாமே?
மா.ரா., கரூர்

ஆம். டாலர் வைத்திருப்பது குற்றம், ருமேனிய நாணயமான லெய் நோட்டுக்கு வாங்கச் சரக்கில்லை. பிரிக்காத கென்ட் பெட்டி டாக்டருக்கும், கடைக்காரருக்கும், கார் உதிரிப் பாகம் தருபவருக்கும் கைமாறும். பெரும்பாலும் யாரும் அதைப் பிரித்துப் புகைப்பதில்லை, பிரித்தால் மதிப்புப் போச்சு.

இவ்வளவையும் பொறுத்துக்கொண்டார்களா? எதிர்ப்பே இல்லையா?
த.மு., அறந்தாங்கி

பொறுத்தார்கள் என்று சொல்வது அவர்களுக்கு அநியாயம். வாழ்வதற்குத் தேவையான ஒவ்வொன்றும் ஏதோ ஒரு சட்டத்தை மீறினால்தான் நடக்கும் என்று ஆக்கிவைத்திருந்தார்கள். இரண்டு கிலோ சர்க்கரை கூடுதலாக வைத்திருப்பவர், ஊரிலிருந்து இறைச்சி கொண்டுவந்தவர், வெளிநாட்டுக்காரரோடு பேசிவிட்டு 24 மணி நேரத்துக்குள் மேலிடத்தில் சொல்லாதவர், எல்லோர் மேலும் வழக்குப் போட முடியும். போடாமல் வைத்திருப்பார்கள். ஒருநாள் கூப்பிட்டு உட்கார வைத்து, 'இதை மறந்துவிடுகிறோம், பக்கத்து வீட்டைப் பற்றி அவ்வப்போது எழுதித் தாருங்கள்' என்பார்கள். தகவல் தருபவர்கள் இப்படியும் உருவானார்கள்.

அப்படியும் 1987 நவம்பர் 15, உள்ளாட்சித் தேர்தல் நாளான ஞாயிறன்று, பிராஷோவ் நகரில் லாரி ஆலைத் தொழிலாளர்கள் சம்பள வெட்டுக்கு எதிராக ஆலையிலிருந்து ஊர்வலமாகக் கிளம்பினார்கள். வழியில் ஊர்மக்கள் ஆயிரக்கணக்கில் சேர, கட்சி அலுவலகத்துக்குள் புகுந்தார்கள். உள்ளே விருந்துக்கு வைத்திருந்த உணவைப் பார்த்ததும் கொதித்துப்போய்த் தலைவரின் படங்களைத் தெருவில் போட்டு எரித்தார்கள். 60-க்கும் மேற்பட்டோருக்குத் தண்டனை விதித்து, குடும்பத்தைப் பிரித்து வேறு வேறு ஊர்களுக்கு அனுப்பினார்கள். இரண்டு ஆண்டு கழித்து 1989 டிசம்பரில் திமிஷோரா நகரில் தொடங்கிய கிளர்ச்சி அடங்கவில்லை. டிசம்பர் 22 அன்று ஆட்சி விழுந்தது. நான்காம் நாளே, டிசம்பர் 26-ல், புதிய அரசு தன் முதல் எண் ஆணையில் கருக்கலைப்புத் தடையையும் தட்டச்சு இயந்திர ஆணையையும் ரத்து செய்தது.

தங்களைப் பற்றி ரகசியப் போலீஸ் எழுதிய கோப்பை இப்போது அவர்கள் பார்க்க முடியுமா?
ச.நி., பாளையங்கோட்டை

முடியும். 1999-ல் வந்த 187-ஆம் எண் சட்டம் உருவாக்கிய சி.என்.எஸ்.ஏ.எஸ். (செக்யூரிட்டாட்டே ஆவணங்களை ஆராயும் தேசிய மன்றம்) அந்த ஆவணங்களைக் கையில் வைத்திருக்கிறது. அடையாள அட்டை நகலோடு எழுத்தில் விண்ணப்பிக்க வேண்டும். இறந்தவரின் கோப்பை வாழ்க்கைத் துணையும் நெருங்கிய உறவினரும் கேட்கலாம். கோப்பு கிடைத்தால் வாசிப்பறையில் உட்கார்ந்து படிக்கலாம், நகல் வாங்கலாம்.

கோப்பில் தகவல் தந்தவர் புனைபெயரில்தான் இருப்பார். அவர் உண்மையில் யார் என்று தனியே எழுதிக் கேட்க வேண்டும். தேடிச் சரிபார்த்துப் பதில் தருவார்கள், சில பெயர்களை அடையாளம் காண முடியாமலும் போகும். இதில் கவனமாக இருக்க வேண்டியது ஒன்று உண்டு. ஒரு குறிப்பின் கீழே அதிகாரி தன் கருத்தையும் அடுத்து என்ன செய்வது என்பதையும் சேர்த்து எழுதியிருப்பார். தகவல் தந்தவர் சொன்னது எது, அதிகாரி மேலிடத்துக்காகக் கூட்டி எழுதியது எது என்று பிரித்துப் படிக்காமல் ஒருவர்மேல் பழி போட்டுவிடக் கூடாது. பலரும் முதல் முறை கோப்பின் கடைசிப் பக்கம்வரை போகாமலே எழுந்து போய்விடுகிறார்கள். மறுநாளும் வந்து படிக்க அனுமதி உண்டு.